பெட்ரோலுக்குள் மூழ்கிய மோட்டார்

சிவகாசியை ஒட்டிய திருத்தங்கல் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது பெட்ரோலில் ஓடும் பழைய பிக்கப். அச்சகங்களுக்குப் பேப்பர், பட்டாசு ஆலைகளுக்கு அட்டைப்பெட்டி என்று லோடு அடிக்கிற வண்டி. பியூயல் பம்ப் படுத்துவிட்டது. அந்த மாடலுக்கான பம்ப் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. அதற்குப் பின்னால் வந்த மாடலின் பம்ப் அசெம்பிளியை முழுசாக இறக்கிவிடலாம், டேங்க்கின் வாய் பொருந்துகிறது என்கிறார் மெக்கானிக். வாசகரின் கவலை பொருத்தத்தைப் பற்றியதல்ல. கழற்றிப் போட்ட பழைய பம்பை அவர் பிரித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே கார்பன் பிரஷ்ஷோடு ஒரு மோட்டார். பிரஷ் இருந்தால் பொறி பறக்கும். அப்படியானால் இத்தனை வருஷமாகப் பெட்ரோல் டேங்க்குக்குள் பொறி பறந்துகொண்டிருந்ததா, அது ஏன் வெடிக்கவில்லை, புதுசு மாட்டினால் வெடிக்காது என்பதற்கு யார் உத்தரவாதம் என்று கேட்கிறார்.

சிவகாசிக்காரர் கேட்கவேண்டிய கேள்விதான். பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குள் இரும்புச் சாமான் கூடாது, பருத்தி உடைதான் உடுத்தவேண்டும், வாசலில் உடம்பின் மின்னேற்றத்தை இறக்கிவிட்டு உள்ளே போகவேண்டும் என்று பழக்கப்பட்ட ஊர். விபத்து நடந்த மறுநாள் பத்திரிகையில் தவறாமல் வரும் சொல் 'உராய்வு'. மருந்தும் மருந்தும் உரசியதில், தட்டு தரையில் உரசியதில் எழுந்த சூட்டுக்கே கட்டடம் போகிற இடத்தில், பன்னிரண்டு வோல்ட்டில் சுழலும் மோட்டாரைப் பெட்ரோலுக்குள் முக்கிவைத்திருக்கிறார்கள் என்றால் யாருக்கும் வயிறு கலங்கும்.

பொறி உண்டு. ஆனாலும் வெடிக்காது. இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு டேங்க்குக்கு உள்ளே மட்டும்தான் செல்லுபடி. அந்த நிபந்தனைக்குப் பிறகு வருகிறேன்.

நம் பக்கத்தில் ஓடும் பிக்கப்புகளில் பெரும்பகுதி டீசல். 2005இல் வந்த முதல் டாடா ஏஸ், நம் வாயில் குட்டியானை, டீசல்தான். டீசல் வண்டியில் முக்கியமான உயர் அழுத்த பம்ப் என்ஜினோடு சேர்ந்து சுழல்வது. அதற்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தமில்லை. பேச்சு பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளைப் பற்றி. இவற்றின் டேங்க்கில், மேலேயிருந்து ஒரு வட்டத் துளை வழியாக, ஒரு பிளாஸ்டிக் கூடு இறங்கி உட்கார்ந்திருக்கும். அதற்குள் மோட்டார், அதன் அடியில் ஒரு சின்னச் சுழலி, அடியில் வலைப்பை, பக்கத்தில் அளவு காட்டும் ப்ளோட். புதிய வண்டிகளில் பில்டரும் பிரஷர் ரெகுலேட்டரும் அதே கூட்டுக்குள்ளேயே இருக்கும். இத்தனையும் சேர்ந்ததைத்தான் அசெம்பிளி என்கிறார்கள்.

இந்த மோட்டாரில் எனக்குப் பிடித்த விஷயம், அதைப் பெட்ரோல் படாமல் மூடிவைக்க யாரும் மெனக்கெடவில்லை என்பது. சுழலி உறிஞ்சும் பெட்ரோல் மோட்டாரின் வயிற்றுக்குள்ளேயே ஏறி, சுருள்களைத் தொட்டு, பிரஷ்ஷையும் அது உரசும் சுழல் வளையமான கம்யூட்டேட்டரையும் நனைத்து, மேல்வழியாக என்ஜினுக்குப் போகிறது. மோட்டாரைக் குளிர்விப்பதும் பெட்ரோல், அதன் பேரிங்குக்கு எண்ணெயும் பெட்ரோல். நான்கைந்து ஆம்பியர் மின்சாரம் அந்த நனைந்த பிரஷ் வழியாகப் பாய்கிறது. பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் தொட்டு விலகும் இடத்தில் நுண்ணிய பொறிகள் உண்டாகின்றன, பெட்ரோலுக்குள்ளேயே. அங்கே காற்றே கிடையாது. எரிவதற்கு என்ன வேண்டும் என்பது ஆறாம் வகுப்புப் பாடம், அதைத் திரும்பச் சொல்லவேண்டாம்.

கேள்வி சூடுபிடிப்பது டேங்க் பாதி காலியான பிறகு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வருகிறது. இப்போது மேலே ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. ஓட்டுநர் ரிசர்வில் ஓட்டுகிறவராக இருந்தால், அதாவது நம் ஊர் ஓட்டுநராக இருந்தால், பம்ப்பின் மேல்பாதி அந்தக் கலவைக்குள்தான் நிற்கும். அங்கே ஒரு பொறி கசிந்தால்?

பெட்ரோல் ஆவி காற்றில் எரிய ஒரு கணக்கு இருக்கிறது. கலவையில் ஆவியின் பங்கு ஏறத்தாழ 1.4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பற்றாது. 7.6 சதவீதத்துக்கு மேலே போனாலும் பற்றாது. இடையிலுள்ள அந்த ஒல்லியான பட்டைக்குள் இருந்தால்தான் தீ ஓடும். விருதுநகர் வெயிலில் நிற்கும் வண்டியின் டேங்க்குக்குள் பெட்ரோல் ஆவி எவ்வளவு இருக்கும்? நம் பெட்ரோலுக்கான இந்தியத் தர அளவு, 38 டிகிரியில் ஆவியழுத்தம் 60 கிலோபாஸ்கல் வரை போகலாம் என்கிறது. காற்று மண்டலத்தின் அழுத்தம் சுமார் 101. ஆக மூடிய டேங்க்கில் மேலே நிற்கும் வாயுவில் ஏறக்குறைய பாதி பெட்ரோல் ஆவி. எரிவதற்கான உச்சவரம்பு 7.6, இங்கே இருப்பதோ ஐம்பதுக்குப் பக்கம். நெருங்கவே முடியாத தூரம்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெட்ரோல் மூலக்கூறுகள், வாளியோடு வருகிற பரிமாறுகிறவர்கள் ஆக்ஸிஜன். பெட்ரோல் ஆவியில் நிறைய இருக்கும் பென்டேன் ஒன்று முழுக்க எரிய எட்டு ஆக்ஸிஜன் மூலக்கூறு வேண்டும். ஓர் இலைக்கு எட்டு பேர் வந்து பரிமாறினால்தான் சாப்பாடு முடியும் என்று வையுங்கள், வசதியான வீட்டுக் கல்யாணம். டேங்க்குக்குள் நூறு பேர் கொண்ட மண்டபத்தில் ஐம்பது பேர் இலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மீதி ஐம்பதும் காற்று. காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்ஸிஜன் என்பதால் வாளி தூக்குகிறவர்கள் பத்துப் பேர். மற்ற நாற்பதும் நைட்ரஜன், பந்தியைச் சும்மா சுற்றிப் பார்க்க வந்த உறவினர்கள். ஐம்பது இலைக்கு நானூறு பேர் பரிமாறவேண்டிய இடத்தில் பத்துப் பேர். பொறி என்பது 'பந்தியை ஆரம்பிங்க' என்று யாரோ குரல் கொடுப்பது. குரல் கேட்கிறது. முதல் இலையில் ஏதோ விழுகிறது. அவர் சாப்பிட்ட சூட்டில் பக்கத்து இலைக்காரரை எழுப்பவேண்டும், அதுதான் தீ பரவுவது. ஆனால் சுற்றிலும் பசியோடு உட்கார்ந்திருப்பவர்களே அந்தச் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்கிறார்கள். நைட்ரஜன் உறவினர்களும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறார்கள். பந்தி அங்கேயே படுத்துவிடுகிறது.

இனி மருந்து அறைக்கு வருவோம். கரிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். வெடியுப்பு என்கிற பொட்டாசியம் நைட்ரேட்டின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு, 47 சதவீதம், ஆக்ஸிஜன். இந்தப் பந்திக்கு வந்தவர்கள் கையோடு கட்டுச்சோறு கொண்டுவந்திருக்கிறார்கள். பரிமாறுகிறவர் வருவாரா, மண்டபத்தில் இடம் இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. பொட்டலத்தைப் பிரிக்க ஒரு சின்ன உரசல் போதும், எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். மத்தாப்பிலும் பூச்சட்டியிலும் பச்சை வண்ணத்துக்காகச் சேர்க்கப்பட்டுவந்த பேரியம் நைட்ரேட்டும் அதே வேலையைச் செய்வது. 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடைசெய்தது வேறு காரணத்துக்காக, நச்சுக்காக. உவமையை இதற்கு மேல் இழுத்தால் மொய் எழுதுவது யார் என்று வாசகர் கேட்பார் என்பதால் இங்கே நிறுத்துகிறேன்.

ஆக, வாசகரின் பயம் ஊர்ப் பழக்கத்திலிருந்து வந்தது, அது மருந்து அறைக்கு முழுக்கப் பொருந்துவது. மருந்து அறையை நைட்ரஜனால் நிரப்பிக் காற்றை முழுக்க வெளியேற்றினாலும் கரிமருந்து எரியும். பெட்ரோல் டேங்க்கோ, காற்றை உள்ளே விட்டாலும் எரிய மறுக்கும். வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டையும் நம் நாட்டில் ஒரே அமைப்புதான் கண்காணிக்கிறது. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமும் பெசோ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரே மத்திய அமைப்பின் கையில். தலைமையகம் நாக்பூர், சிவகாசியிலும் அலுவலகம் உண்டு.

பெட்ரோலைவிடச் சாதுவான எரிபொருள் டேங்க்கில் இருந்தால் இன்னும் பத்திரம் என்று தோன்றும். அது தவறு. 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பிய போயிங் 747 விமானம், டிடபிள்யூஏ 800, சில நிமிடங்களில் வானத்திலேயே வெடித்தது. 230 பேர் இறந்தார்கள். வெடித்தது நடுவிலிருந்த எரிபொருள் டேங்க். அதில் இருந்தது மண்ணெண்ணெய் வகை விமான எரிபொருள், அதுவும் மிகக் கொஞ்சம். சாதாரண வெப்பத்தில் மண்ணெண்ணெயின் ஆவி எரிவதற்குப் போதாத அளவில்தான் இருக்கும். ஆனால் அந்த டேங்க்குக்கு அடியிலேயே குளிர்சாதனக் கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சூட்டில் ஆவி ஏறி, எரியக்கூடிய அந்த ஒல்லிப் பட்டைக்குள் வந்துவிட்டது. பொறி எங்கிருந்து வந்தது என்பது முழுக்க நிரூபணமாகவில்லை. எரிபொருள் அளவு காட்டும் கருவியின் வயர் வழியாக வந்த மின்சாரம் என்பதே புலனாய்வாளர்கள் சொன்ன வலுவான சாத்தியம். பிறகு 2008இல் அமெரிக்காவில் விதி வந்தது; இன்று பயணிகள் விமான டேங்க்குகளுக்குள் நைட்ரஜன் மிகுந்த காற்றைச் செலுத்துகிறார்கள். அதே டேங்க்கில் பெட்ரோல் இருந்திருந்தால் அன்று அந்தக் கலவை பற்றியிருக்காது என்பது கேட்க விபரீதமாக இருந்தாலும் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

டீசலும் இந்த வகைதான். ஐரோப்பாவில் டீசலின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது ஆவி பற்றும் அளவுக்கு ஏறும் சூடு, 55 டிகிரிக்குக் குறையக்கூடாது. இந்தியத் தர அளவு 35 டிகிரியோடு திருப்தியடைகிறது. சித்திரையில் சாத்தூரில் நிழலிலேயே இதைத் தாண்டும் நாட்கள் உண்டு. டீசல் ஆபத்தில்லை, தீக்குச்சியைப் போட்டாலும் அணைந்துவிடும் என்று பட்டறைகளில் ஒரு வீரக்கதை உலவுகிறது. அதைச் சொல்பவரிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

இதே கணக்கை எத்தனாலுக்குப் போட்டுப் பார்த்தால் சுவாரசியம் கூடுகிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025இல் நாடு முழுக்கப் பரவியபோது பழைய வண்டிக்காரர்கள் கொதித்தார்கள், உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அந்தப் பொதுநல மனு 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடியானது. ஒரு பக்கம் 'வண்டி அழிந்துவிடும்' என்ற வாட்ஸ்அப் ஓலம், மறுபக்கம் எல்லாம் நன்மையே என்ற விளம்பரம். டேங்க் வெடிக்குமா என்ற நம் கேள்விக்கு இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: 20 சதவீதக் கலவையில் ஆவியழுத்தம் குறைவதில்லை, கொஞ்சம் கூடவும் செய்யலாம். டேங்க்குக்குள் நிலைமை முன்போலவேதான்.

ஆனால் சுத்த எத்தனால் வேறு கதை. அது எரியும் பட்டை 3.3 முதல் 19 சதவீதம் வரை. 30 டிகிரியில் மூடிய டேங்க்கில் எத்தனால் ஆவி சுமார் 10 சதவீதம் நிற்கும். பட்டையின் நட்டநடுவில்! நம் ஊரில் வருஷத்தின் பெரும்பகுதி அது வெடிக்கத் தயாரான கலவையாக இருக்கும். 2024 மார்ச்சில் 'எத்தனால் 100' என்ற எரிபொருளைத் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களின் தேர்ந்தெடுத்த பங்க்குகளில் அறிமுகப்படுத்தினார்கள். பெயரில் நூறு இருந்தாலும் அதில் கொஞ்சம் பெட்ரோல் சேர்த்துத்தான் விற்கிறார்கள். எத்தனால் மிகுந்த எரிபொருளுக்கென்றே தயாரான வெளிநாட்டு வண்டிகள் சிலவற்றில் டேங்க்கின் கழுத்தில் தீ உள்ளே போகாமல் தடுக்கும் வலை வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். பழைய பிக்கப்பில் ஆர்வக்கோளாறில் அந்த எரிபொருளை ஊற்றிப் பார்க்க நினைப்பவர் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

இனி அந்த நிபந்தனை. டேங்க்குக்குள் ஐம்பது சதவீத ஆவி. வெளியே பட்டறைக் காற்றில் பூஜ்யம். நடுவில் எங்கேயோ அது 7.6இலிருந்து 1.4க்கு இறங்கித்தான் ஆகவேண்டும். அந்த இடம் எங்கே இருக்கிறது? மூடி இறுக்கமாக இருக்கும்வரை எங்கும் இல்லை. அசெம்பிளியின் லாக் ரிங்கைத் திருகித் தூக்கிய நிமிஷமே அது டேங்க் வாயைச் சுற்றி ஒரு போர்வையாக எழுந்து நிற்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடப் பல மடங்கு கனம். கீழே வழிந்து, தரையில் பரவி, பட்டறைக் குழி இருந்தால் அதில் போய்த் தேங்கும். ஆகவே பம்ப் மாற்றும் வேலையில் ஆபத்து நிறைந்த நேரம் பழைய பம்ப்புக்கும் புதிய பம்ப்புக்கும் இடைப்பட்ட அந்த அரைமணி நேரம். பேட்டரி வயரைக் கழற்றாமல் வேலை செய்வது, எட்டிப் பார்க்க வயர் போட்ட கை விளக்கைக் கொண்டுபோவது, பக்கத்து வண்டியில் வெல்டிங் ஓடிக்கொண்டிருப்பது, பாலியஸ்டர் சட்டையோடு சீட்டிலிருந்து வழுக்கி இறங்கி நேராக டேங்க் வாயைத் தொடுவது எல்லாமே பொறிதான். பங்க்கில் செல்போன் பேசினால் தீப்பிடிக்கும் என்ற பலகையை எல்லோரும் படித்திருக்கிறோம், அதற்கு ஆதாரம் மிகச் சொற்பம். நிஜமாகத் தீப்பிடித்த பல சம்பவங்களில் குற்றவாளி உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம். அதற்குப் பலகை எழுதுவதில்லை.

காலி டேங்க் அதைவிடக் கெடுதல். பெட்ரோலை வடித்துவிட்டு இரண்டு நாள் திறந்துபோட்டால் உள்ளே ஆவி மெல்லக் குறைந்து பட்டைக்குள் வந்து நிற்கும். வடித்தாயிற்று, இனி பயமில்லை என்று வெல்டிங் வைப்பவர்கள்தான் அடிபடுகிறார்கள். அனுபவசாலிகள் டேங்க்கில் தண்ணீரை நிரப்பிவிட்டுப் பற்றவைப்பது சம்பிரதாயத்துக்காக அல்ல, ஆவியும் காற்றும் நிற்க இடமே இல்லாமல் செய்வதற்காக.

இவ்வளவு வம்பு எதற்கு, பம்பை வெளியே வைத்தால் என்ன? வைத்துத்தான் பார்த்தார்கள். கார்புரேட்டர் காலத்தில் பம்ப் என்ஜினோடு ஒட்டியிருந்தது, டேங்க்கிலிருந்து பெட்ரோலை நீளமான குழாய் வழியாக உறிஞ்சவேண்டும். உறிஞ்சினால் குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். குழாயெல்லாம் ஆவிக் குமிழி, பம்ப் வெறும் ஆவியை மென்றுகொண்டிருக்கும், வண்டி நடுரோட்டில் நிற்கும். மே மாதத்தில் பியட் காரின் பானெட்டைத் திறந்து பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு இதை விளக்கவேண்டியதில்லை. டேங்க்குக்குள்ளேயே பம்பை வைத்து அங்கிருந்து தள்ளினால் குழாய் முழுக்க அழுத்தம் கூடுதலாகவே இருக்கும், கொதிக்க வழியில்லை. வரலாறு இவ்வளவுதான்: 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600இல் போஷ் நிறுவனத்தின் மின்னணு இன்ஜெக்‌ஷன் மின்சாரப் பம்ப்போடு வந்தது, நம் ஊர்ச் சின்னக் கார்களில் 2000ஆம் ஆண்டின் மாசு விதிகளை ஒட்டித்தான் கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ எனப்படும் இன்ஜெக்‌ஷன் வந்தது. யார் முதலில் டேங்க்குக்குள் இறக்கினார்கள் என்ற பட்டயச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை.

இப்போது வாசகர் கேட்காத கேள்வி: புதிய மாடல் அசெம்பிளி நல்லதா? ஒரு விஷயத்தில் ஆமாம். பழைய பம்ப்புகள் பலவற்றில் கம்யூட்டேட்டர் செம்பு. எத்தனால் கலந்த பெட்ரோல் வெறும் பெட்ரோலைவிட மின்சாரத்தைக் கொஞ்சம் அதிகமாகக் கடத்தும், தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும், செம்பு அரிக்கும். எத்தனாலைக் கருதிச் செய்த பம்ப்புகளில் கம்யூட்டேட்டரே கார்பனில் வருகிறது. ரப்பர், பிளாஸ்டிக்கும் மாற்றப்பட்டிருக்கும். 20 சதவீதக் கலவையில் சில பழைய வண்டிகளுக்கு இருபது, முப்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களை மாற்றவேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025இல் ஒத்துக்கொண்டது. செலவு குறைவு என்றும் சேர்த்துக்கொண்டது. அது யார் பையிலிருந்து போகிறது என்பதைப் பொறுத்தது.

ஆனால் புதுசு என்பதாலேயே மேல் என்று நினைக்கவேண்டாம். ஜப்பானின் டென்சோ நிறுவனம் செய்த பம்ப்புகளுக்காக 2020 முதல் உலகமெங்கும் பல லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. பம்ப்பின் அடியில் சுழலும் அந்தப் பிளாஸ்டிக் சுழலி, தேவையைவிட அடர்த்தி குறைவாக வார்க்கப்பட்டிருந்தது. அது பெட்ரோலைக் குடித்து உப்பியது. சுழலிக்கும் அதன் கூட்டுக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். உப்பினால் உரசும், உரசினால் நிற்கும். இந்தியாவில் 2020 ஜூலையில் மாருதி நிறுவனமும் பம்ப் கோளாறு சந்தேகத்தில் 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது. ஓடுகிற வண்டி திடீரென்று நிற்பதுதான் இதில் ஆபத்து.

மாற்றிப் போடும்போது பார்க்கவேண்டிய முதல் எண் அழுத்தம். கார்புரேட்டருக்குத் தேவை சுமார் 0.3 பார். இன்ஜெக்‌ஷனுக்கு மூன்று, நான்கு பார். கார்புரேட்டர் வண்டியில் இன்ஜெக்‌ஷன் பம்பை ரெகுலேட்டர் இல்லாமல் இறக்கினால் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் சூடான என்ஜின் மேலேயே வழியும். அது வெளிக்காற்று, அங்கே நான் மேலே சொன்ன ஆறுதல் எதுவும் கிடையாது. வாசகருடையது இன்ஜெக்‌ஷன் வண்டிதான். அங்கும் மூன்று பார் வண்டிக்கு நான்கு பார் அசெம்பிளி போட்டால், இன்ஜெக்டர் வழியாகப் பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், 15 சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் போகும். ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம் இதைச் சமாளிக்கும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போதும் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதும் ஈசிஎம் சென்சாரின் பேச்சைக் கேட்பதில்லை, அப்போது கறுப்புப் புகை. பெரிய பம்ப் போட்டால் இழுவை கூடும், மைலேஜ் கூடும் என்று விற்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். சும்மா நிற்கும் சின்ன என்ஜின் குடிப்பது மணிக்கு ஒரு லிட்டருக்குள். சாதாரணப் பம்ப்பே அதைப்போல் பல பத்து மடங்கு தள்ளக்கூடியது. மிச்சமெல்லாம் டேங்க்குக்கே திரும்புகிறது.

அந்த மிச்சம் எந்த வழியாகத் திரும்புகிறது என்பது அடுத்தது. பழைய வண்டிகளில் ரெகுலேட்டர் என்ஜின் பக்கத்தில், அங்கிருந்து ஒரு ரிட்டர்ன் குழாய் டேங்க்குக்கு வரும். புதிய அசெம்பிளிகளில் ரெகுலேட்டர் டேங்க்குக்குள், ரிட்டர்ன் குழாயே கிடையாது. புதியதைப் பழையதில் போட்டால் அந்தக் குழாயின் முனை அநாதையாக நிற்கும். அதைத் துணியடைத்துக் கம்பி சுற்றிவிட்டு அனுப்பும் பட்டறைகள் உண்டு. அப்படிச் செய்பவரிடம் வண்டியை விடவேண்டாம். வயர் பொருந்தவில்லை என்று பம்ப்புக்கு நேராக ஒரு சுவிட்ச் போட்டுத் தருவதும் நடக்கிறது. என்ஜின் நின்றால் ஓரிரு நொடியில் பம்ப்பை நிறுத்துவது ஈசிஎம்மும் ரிலேயும். வண்டி கவிழ்ந்து குழாய் அறுந்தாலும் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும் பம்ப், அந்தச் சுவிட்ச் தரும் வரம். டேங்க்கை அலசாமல் புதுப் பம்ப்பை இறக்குவதும் பணத்தைக் கரைப்பதுதான்: எத்தனால் இளக்கிவிட்ட பழைய துரு நேராக வலைப்பையில் போய் அடைக்கும், பம்ப் பெட்ரோல் கிடைக்காமல் சூடேறிச் சாகும். ரிசர்விலேயே ஓட்டும் பழக்கமும் அதையேதான் செய்கிறது. பம்ப் வெடிக்காது, வெந்துபோகும்.

கடைசியாக ப்ளோட். டேங்க் நிறைந்தால் மின்தடை குறையும்படி சில மாடல்களில் வைத்திருக்கிறார்கள், கூடும்படி சிலவற்றில். மாறிப்போனால் முள் தலைகீழாகக் காட்டும்: பங்க்கில் நிரப்பிவிட்டு வந்தால் காலி, தீரத் தீர ஃபுல். மீட்டரை மாற்றவேண்டும், ஆயிரக்கணக்கில் செலவு என்று சொன்னால் நம்பவேண்டாம். பழைய அசெம்பிளியின் ப்ளோட்டைக் கம்பியோடும் தடைப்பட்டையோடும் கழற்றி, புதியதன் பக்கவாட்டில் உட்காருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்; பல மாடல்களில் இரண்டு கிளிப்தான். கைக்கு வந்ததும் டேங்க்குக்குள் இறக்குவதற்கு முன்பே மேலும் கீழும் தூக்கி மீட்டர் முள் சரியாக ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிடவேண்டும். பார்ப்பது டேங்க் வாயை மூடிவிட்டு, அதிலிருந்து தள்ளி நின்று.